102 வயதில் வாய்மொழித் தேர்வு: இங்கேபோர்க் ராபோபோர்ட்டைப் பரீட்சைக்கு உட்கார வைத்தது சரியா?

எல்பேக்கரை எழுதியது:

ஒரு வாரமாகக் குடும்ப வாட்ஸப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. வெள்ளை முடி, ஒடிசலான ஒரு பாட்டி. "102 வயதில் டாக்டர் பட்டம்! வயது வெறும் எண்தான்! நீங்களும் முயலுங்கள்!" கீழே கைகூப்பும் பொம்மை நாலு. அந்த அம்மா யாரென்று தெரிந்தவர்களுக்கு எரிச்சல்தான் வரும். அவர் வயதான காலத்தில் ஆசைப்பட்டுப் படிக்கப் போகவில்லை. 25 வயதில் படித்து, எழுதி, சமர்ப்பித்து முடித்ததை 77 வருஷம் கழித்து வாங்கினார்.

பெயர் இங்கேபோர்க் ராபோபோர்ட். பிறந்தது 1912 செப்டம்பர் 2, அன்றைக்கு ஜெர்மன் காலனியாக இருந்த கேமரூனில், கிரிபி என்ற கடலோர ஊரில். வளர்ந்தது ஹாம்பர்க். பிறந்த வீட்டுப் பெயர் சில்ம். அம்மா பியானோ கலைஞர், யூத வம்சாவளி. பிள்ளையை வளர்த்தது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவராக. நாஜிச் சட்டத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அம்மா யூதர் என்றால் மகள் "கலப்பினம்". ஹாம்பர்க்கில் மருத்துவம் படித்தபோது அவருடைய தேர்வுத் தாள்களில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்களாம்.

1937-இல் மருத்துவத்துக்கான அரசுத் தேர்வில் தேறினார். 1938-இல் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பற்றிய ஆய்வேட்டைக் கொடுத்தார். வழிகாட்டி பேராசிரியர் ருடோல்ஃப் டெக்விட்ஸ். வேலை நன்றாக இருக்கிறது, இனச் சட்டம் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் ஏற்றுக்கொண்டிருப்பேன் என்று டெக்விட்ஸ் எழுத்தில் கொடுத்தார். வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த வருஷமே தனியாக அமெரிக்கா கிளம்பிவிட்டார்.

2015 மே 13 அன்று ஹாம்பர்க் மருத்துவப் பீடத் தலைவர் ஊவே கோக்-க்ரோமுஸ் உட்பட மூன்று பேராசிரியர்கள் பெர்லினில் அவர் வீட்டு வரவேற்பறைக்கே வந்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். தேறினார். ஜூன் 9 அன்று ஹாம்பர்க்கில் பட்டம் கொடுத்தார்கள். 2017 மார்ச் 23 அன்று 104 வயதில் மறைந்தார்.

எனக்குள்ள கேள்வி இது. அநியாயம் செய்தது பல்கலைக்கழகம். அதைச் சரிசெய்ய வந்தவர்கள் கண் பார்வை மங்கிப்போன 102 வயதுக்காரரை ஏன் பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள்? மன்னிப்புக் கேட்டு, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே? நானே ஒரு பக்கம் நிற்கிறேன், ஆனால் முதலில் மற்றவர்கள் சொல்லட்டும்.

---

கீழவாசல் எழுதியது:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? திருடினவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது "இது உங்களுடையதுதான் என்று நிரூபியுங்கள்" என்றானாம். அதுதான் இது.

---

நைட்_டியூட்டி எழுதியது:

ஒரு சந்தேகம். டாக்டர் பட்டம் மறுத்தார்கள் என்றால் அவர் அதுவரை டாக்டரே இல்லையா? அப்புறம் எப்படி அமெரிக்காவில் வேலை பார்த்தார்?

---

எல்பேக்கரை எழுதியது:

ஜெர்மனியில் இரண்டும் வேறு வேறு. அரசுத் தேர்வு எழுதித் தேறி, உரிமம் வாங்கினால் வைத்தியம் பார்க்கலாம். பெயருக்கு முன்னால் "டாக்டர்" போட வேண்டும் என்றால் தனியாக ஆய்வேடு எழுதி வாய்மொழித் தேர்வு முடிக்க வேண்டும். இன்றைக்கும் அங்கே "டாக்டர்" போடாமல் மருத்துவம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்த அன்றே போர்டில் போட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் அவருடைய ஹாம்பர்க் படிப்பு செல்லவில்லை. 48 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார் என்று செய்திகள் சொல்கின்றன. ஒரே ஒரு இடத்தில்தான் சேர்த்துக்கொண்டார்கள்: ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. அங்கே மறுபடி படித்து எம்.டி. வாங்கினார். அமெரிக்காவில் எம்.டி. என்பது அடிப்படைப் பட்டம்தான். பிறகு சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை.

---

நைட்_டியூட்டி எழுதியது:

48-இல் ஒன்று. நன்றி சார், இப்போது புரிந்தது.

---

பழைய_ஃபைல் எழுதியது:

நான் மருத்துவத்துறை இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கீழவாசல் கோபப்படுவது நியாயம். ஆனாலும் அலுவலகத்துப் பக்கம் இருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தால் என்ன ஆகும்? அது 2015-இல் திறக்கிற புது ஃபைல். "இந்த அம்மையாரின் சேவையைப் பாராட்டி" என்று எழுதுவார்கள். பாராட்டுவதற்கு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், நடிகருக்கும் கொடுக்கலாம், மந்திரிக்கும் கொடுக்கலாம். அதில் 1938 என்ற வருஷமே வராது. பழைய ஃபைல் அப்படியே "தேர்வுக்குத் தகுதியில்லை" என்ற குறிப்போடு அலமாரியில் கிடக்கும். பல்கலைக்கழகம் பெருந்தன்மையாகத் தெரியும், ஃபைல் மாறாது.

முறையான தேர்வு வைத்தால் அந்தப் பழைய ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். ஆய்வேடு சமர்ப்பித்த வருஷம், வழிகாட்டியின் கடிதம், விடுபட்டது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் என்ற குறிப்பு, எல்லாம் பதிவாகும். விடுபட்டதை நடத்தி ஃபைலை மூட வேண்டும். அப்படி மூடும்போது "ஏன் இத்தனை வருஷத் தாமதம்" என்ற இடத்தில் காரணம் எழுதித்தானே ஆக வேண்டும்? அந்தக் காரணத்தை அந்தப் பல்கலைக்கழகமே தன் கையால் எழுதுகிறது. மன்னிப்புக் கடிதத்தை விட இது கனமானது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. தேர்வு இல்லாமல் கொடுத்திருந்தால் நாளைக்கே ஒருவன் "பாவம் பார்த்துக் கொடுத்தது" என்பான். அவன் வாயை அடைக்கத் தேர்வைத் தவிர வேறு வழி கிடையாது.

---

கீழவாசல் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது ஃபைலுக்கு நல்லது. அந்த அம்மாவுக்கு? பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்களே தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள். அவருக்கு என்ன தெரியும் என்று சோதிக்க இவர்கள் யார்?

---

தொட்டில்_டாக்டர் எழுதியது:

நான் குழந்தை மருத்துவர், அதிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவு. அதனால் இந்த அம்மா எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி. 1969-இல் கிழக்கு பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கென்று தனிப் பேராசிரியர் இருக்கை உருவாக்கி அவரை அமர்த்தினார்கள். ஜெர்மனியில் அதுதான் முதல். அதற்கு முன்னால் பிறந்த குழந்தை பிரசவ வார்டுக்குச் சொந்தமா, குழந்தைகள் வார்டுக்குச் சொந்தமா என்பதே தெளிவில்லாமல் இருந்தது. முதல் இருபத்தெட்டு நாள் என்பது தனி உலகம் என்று ஒரு துறையாக நிறுத்திய தலைமுறையில் அவர் ஒருவர்.

ஆனால் தேர்வு விஷயத்தில் நான் பழைய_ஃபைல் ஐயா பக்கம். காரணம் வேறு.

1938-இல் தொண்டை அடைப்பான் பற்றி என்ன தெரியும்? கிருமி தெரியும். அது தொண்டையில் சாம்பல் நிறப் படலம் கட்டும், மூச்சை அடைக்கும் என்று தெரியும். கிருமி தொண்டையிலேயே இருந்தாலும் அதன் நச்சு ரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்பையும் பிடிக்கும் என்று தெரியும். தொண்டை ஆறின பிறகு, வாரங்கள் கழித்து, குழந்தை மூக்கால் பேசும், குடித்த தண்ணீர் மூக்கு வழியே வரும். அண்ணத்துக்குப் போகும் நரம்பு செயலிழந்துவிட்டது என்று அர்த்தம். ஆய்வேடு இந்த நச்சு உண்டாக்கும் நரம்புச் செயலிழப்பைப் பற்றியதுதான். முறிமருந்துச் சீரத்துக்காக எமில் ஃபான் பேரிங் 1901-இல் முதல் மருத்துவ நோபல் வாங்கியிருந்தார். அப்படியிருந்தும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம்.

அந்த நச்சு உள்ளே போய் என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நச்சுக்கான மரபணு கிருமியுடையதே இல்லை, அதைத் தொற்றும் ஒரு வைரஸுடையது என்று 1951-இல்தான் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் புரதம் கட்டும் வேலையை அது நிறுத்துகிறது என்பது 1960-களில் தெரிந்தது. அதாவது அவர் எழுதி முடித்த இடத்திலிருந்து கதை வெகு தூரம் போய்விட்டது.

102 வயதில் அவர் செய்தது இதுதான்: கண் தெரியாததால் நண்பர்களை இணையத்தில் தேடச் சொல்லி, தொலைபேசியில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இடைப்பட்ட எழுபது வருஷத்து ஆராய்ச்சியையும் மனதில் ஏற்றிக்கொண்டார். தேர்வாளர்கள் பழையதை மட்டும் கேட்டுவிட்டு எழவில்லை, அவரும் பழையதை மட்டும் சொல்லவில்லை. ஒரு டாக்டராக எனக்கு அந்த வரவேற்பறையில் மூலையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் போல இருக்கிறது. சோதனை என்று ஏன் பார்க்கிறீர்கள் கீழவாசல்? சமமானவரிடம்தான் கேள்வி கேட்பார்கள். நடுங்கும் கிழவியாக நினைத்திருந்தால் பூச்செண்டு கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

---

கீழவாசல் எழுதியது:

கடைசி இரண்டு வரி யோசிக்க வைக்கிறது டாக்டர். ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1945-க்குப் பிறகு எழுபது வருஷம் இருந்ததே. ஃபைல் அலமாரியில்தானே இருந்தது? ஏன் 2015?

---

எல்பேக்கரை எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பாதிக் காரணம் பல்கலைக்கழகம், பாதிக் காரணம் அவர் இருந்த இடம். 1952 முதல் அவர் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில், ஹாம்பர்க் மேற்கு ஜெர்மனியில். நடுவில் சுவர். சுவர் விழுந்த பிறகும் இருபத்தைந்து வருஷம் யாரும் தேடவில்லை என்பதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து ஏன் கிழக்கு ஜெர்மனிக்கு வந்தார் என்பதுதான் வாட்ஸப் செய்தியில் வராத பகுதி. சின்சினாட்டியில் சாமுவேல் மித்யா ராபோபோர்ட்டைச் சந்தித்து 1946-இல் கல்யாணம். அவர் வியன்னாவிலிருந்து வந்த யூத உயிர்வேதியியலாளர். போர்க்காலத்தில் ரத்தத்தை ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் கெடாமல் வைக்கும் ஆராய்ச்சியில் வேலை செய்து, அதற்காக அமெரிக்க அதிபர் ட்ரூமனிடமிருந்து நற்சான்றிதழ் பெற்றவர். இருவரும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்கள். அமெரிக்காவில் கண்ட நிறவெறியும் ஏழ்மையும் தன்னை அந்தப் பக்கம் தள்ளியதாக இங்கேபோர்க் சொல்லியிருக்கிறார். 1950-இல் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை சூடு பிடித்தபோது கணவர் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக சூரிச்சில் இருந்தார். திரும்பினால் விசாரணைக் குழு முன்னால் நிற்க வேண்டும். திரும்பவில்லை. இவரும் குழந்தைகளோடு ஐரோப்பா வந்துவிட்டார். வியன்னாவில் வேலை அமையவில்லை, அமெரிக்க அழுத்தம் என்று சொல்லப்படுகிறது. 1952-இல் கிழக்கு பெர்லின் அழைத்தது.

ஹிட்லர் ஆட்சி "யூத ரத்தம்" என்று விரட்டியது. தஞ்சம் கொடுத்த நாட்டில் "கம்யூனிஸ்ட்" என்று சந்தேகம்.

---

சாலையோரம் எழுதியது:

மூன்றாவது நாட்டைப் பற்றியும் பேசுங்கள். கிழக்கு ஜெர்மனி என்ன சொர்க்கமா? ஆள் தப்பித்துப் போகக்கூடாது என்று சுவர் கட்டிய நாடு. வீட்டுக்கு வீடு உளவு பார்த்த நாடு. அவர் கடைசி வரை அந்த நாட்டின் சுகாதாரத் துறையைப் பாராட்டிக்கொண்டே இருந்தார். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர் இன்னொரு சர்வாதிகாரத்தைப் பற்றி இவ்வளவு மென்மையாகப் பேசியது எனக்கு ஒட்டவில்லை.

---

சிவப்புத்துண்டு எழுதியது:

தோழர், பாராட்டியது சும்மா இல்லை. 1970-இல் ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை இறப்பு கிழக்கில் 19-க்குள், மேற்கில் 23-க்கு மேல். பணக்கார நாடு மேற்கு, மருந்துக்கும் கருவிக்கும் திண்டாடியது கிழக்கு. கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை, தாய்மார் ஆலோசனை நிலையம், கட்டாயத் தடுப்பூசி. 1961-இல் மேற்கு ஜெர்மனியில் நாலாயிரத்துக்கு மேல் போலியோ நோயாளிகள். கிழக்கில் சொட்டு மருந்து கொடுத்து முடித்தாயிற்று, ஏறக்குறைய நோயே இல்லை. முப்பது லட்சம் டோஸ் தருகிறோம் என்று கிழக்கு சொன்னது. மேற்கின் அடெனவர் அரசு வேண்டாம் என்றுவிட்டது. அரசியல்!

---

சாலையோரம் எழுதியது:

போலியோ விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 19-ஐயும் 23-ஐயும் அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள். டாக்டர் சொல்லட்டும், எது "உயிருடன் பிறந்த குழந்தை" என்ற கணக்கு இரண்டு நாட்டிலும் ஒன்றா?

---

தொட்டில்_டாக்டர் எழுதியது:

ஒன்றில்லை. மேற்கில் பிறந்தவுடன் இதயத் துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, மூச்சு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே உயிருடன் பிறந்த குழந்தை. கிழக்கில் 1961 முதல் இதயத் துடிப்பும் மூச்சும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். மூச்சு விடாமல், இதயம் மட்டும் கொஞ்ச நேரம் துடித்து இறந்த குறைமாதக் குழந்தை மேற்கில் குழந்தை இறப்பு, கிழக்கில் இறந்து பிறந்தது. அதனால் கிழக்கின் எண் கொஞ்சம் அழகாகத் தெரியும்.

அதற்காக முழுக்கக் கண்கட்டு வித்தை என்றும் சொல்ல முடியாது. 1950-இல் கிழக்கின் நிலைமை மேற்கைவிட மோசம். அங்கிருந்து இருபது வருஷத்தில் இறங்கிய இறக்கத்தை வரையறை மாற்றம் மட்டும் விளக்காது. 1980-களில் மேற்கு மறுபடி எட்டிப் பிடித்துவிட்டது. வென்டிலேட்டரும் மானிட்டரும் வந்த பிறகு பணம்தான் பேசும். ஆலோசனை நிலையத்தையும் செவிலியரையும் வைத்துக் குறைக்கக்கூடிய சாவைக் கிழக்கு முதலில் குறைத்தது, மின்சாரப் பெட்டியை வைத்துக் குறைக்க வேண்டியதில் பின்தங்கியது. என் வார்டிலும் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்காமல் ஒரு நாள் போகாது.

---

ஸ்ப்ரே_நதி எழுதியது:

பெர்லினில் இருக்கிறேன், அதனால் ஒரு சின்னச் சேர்க்கை. ஷாரிட்டே வளாகத்தை ஒட்டியேதான் சுவர் போனது. சுவர் எழும்பிய 1961 ஆகஸ்ட் 13-க்கு முன்னால் கிழக்கின் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் மேற்கே போய்விட்டார்கள். சக டாக்டர் திங்கட்கிழமை வரவில்லை என்றால் எங்கே போனார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் போகாமல் இருந்தவர் ராபோபோர்ட். அவர் நம்பிக்கை சரியா தவறா என்பது வேறு. ஆனால் வசதிக்காகப் பேசினார் என்று சொல்ல முடியாது, வசதி அந்தப் பக்கம்தான் இருந்தது. எம்.டி. பட்டமும் அமெரிக்க அனுபவமும் உள்ளவருக்கு மேற்கில் கதவு திறந்தே இருந்திருக்கும்.

---

சாலையோரம் எழுதியது:

வசதிக்காகப் பேசினார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாக நம்பினார், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

---

வாசிப்புத்திண்ணை எழுதியது:

நூறு தாண்டிய இன்னொரு ஜெர்மன் பெண்மணியையும் இங்கே நினைக்கலாம். நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்த புருன்ஹில்டே பொம்ஸெல். 1911 ஜனவரியில் பிறந்தவர், 2017 ஜனவரி 27 அன்று 106 வயதில் இறந்தார். ராபோபோர்ட் போனது அதே வருஷம் மார்ச்சில். ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் தட்டச்சு மேசையில் உட்கார்ந்து "எனக்கு எதுவும் தெரியாது" என்று கடைசி வரை சொன்னார். இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும் வசதியே கிடைக்கவில்லை, தேர்வுத் தாளிலேயே கோடு போட்டுவிட்டார்கள்.

---

நைட்_டியூட்டி எழுதியது:

பிள்ளைகள்?

---

ஸ்ப்ரே_நதி எழுதியது:

நாலு பேர். டாம் ராபோபோர்ட் ஹார்வர்டில் செல் உயிரியல், செல்லுக்குள் புரதம் சவ்வைத் தாண்டிப் போவது எப்படி என்பதில் பெரிய பெயர். மைக்கேல் ராபோபோர்ட் பான் பல்கலைக்கழகத்தில் கணிதம். 2018-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய பீட்டர் ஷோல்ட்ஸ அவருடைய மாணவர். மகள்கள் இருவரும் மருத்துவத்துறைதான்.

---

எல்பேக்கரை எழுதியது:

என் பக்கத்தைச் சொல்வதாகச் சொன்னேன். நான் தேர்வு வைத்ததை ஆதரிக்கிறேன், ஆனால் பல்கலைக்கழகத்துக்காக அல்ல. அந்த அம்மாவே எனக்காக இதைச் செய்யவில்லை என்றார். நாஜிக் காலத்தில் இவரைப் போல் விரட்டப்பட்டு, இவரைவிட மோசமான முடிவைச் சந்தித்தவர்களுக்காக என்றார். அப்படி நினைக்கிற ஆளுக்குப் பரிசாக ஒன்றைக் கொடுத்தால் அது அவருக்கு மட்டும்தான் சேரும். சட்டப்படி நடந்திருக்க வேண்டியதைச் சட்டப்படி நடத்தினால்தான் அன்றைக்குத் தடுத்தது சட்டமே இல்லை என்று ஆகும். பழைய_ஃபைல் ஐயா சொன்னதும் இதுதான், அவர் அலமாரியிலிருந்து தொடங்கினார்.

---

கீழவாசல் எழுதியது:

சரி, தேர்வு வைத்ததை விட்டுவிடுகிறேன். எழுபது வருஷத்தை விட மாட்டேன்.

அது இருக்கட்டும், அந்த டெக்விட்ஸ் யார்? "சட்டம் தடுக்காவிட்டால்" என்று எழுதிக் கொடுத்தாரே, நல்லவரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டவரா?

---

வாசிப்புத்திண்ணை எழுதியது:

அவர் ஒரு தனிக் குழப்பம். 1923-இல் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியிலேயே உடன் இருந்தவர். பிறகு மனம் மாறி எதிராகப் பேசினார், கடிதங்களில் எழுதினார். 1944-இல் நாஜிகளின் "மக்கள் நீதிமன்றம்" ஏழு வருஷச் சிறை கொடுத்தது. போர் முடிந்ததும் ஹாம்பர்க்கில் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற மருத்துவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்று நின்றார். யாரும் பெரிதாக அசையவில்லை. வெறுத்துப்போய் 1948-இல் அமெரிக்கா போய்விட்டார். ஹாம்பர்க்கின் ரோத்தன்பூர்க்ஸ்ஓர்ட் மருத்துவமனையில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1949-இல் ஹாம்பர்க் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுக்க மறுத்துவிட்டது. உங்கள் எழுபது வருஷக் கேள்விக்கான பதிலில் ஒரு துண்டு அங்கே இருக்கிறது.

---

கீழவாசல் எழுதியது:

அந்த வழக்கைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள் ஐயா. இங்கே வேண்டாம், இது நீண்டுவிட்டது.

---

வாசிப்புத்திண்ணை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். தொட்டில்_டாக்டர் அங்கேயும் வர வேண்டும், மருத்துவப் பகுதி எனக்கு எழுத வராது.